ஓட்டில் கீறிய கப்பல் யாருடையது?

எங்க ஊர் விருத்தாசலத்துல பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனீங்கன்னா, கொலு பொம்மையும் அகலும் பியூஸ் கேரியரும் காயப் போட்டிருக்கிற பலகைகளுக்கு நடுவிலதான் நடக்கணும். அங்கே சின்னதா ஒரு பட்டறை வைத்திருக்கும் தெரிந்த தம்பி ஒருவர் மூன்று வாரம் முன்னால் போன் செய்தார். "சார், ஒரு ஆர்டர் வந்திருக்கு. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு 300 பீங்கான் தட்டு, நினைவுப் பரிசு. நடுவுல ஒரு பழைய கப்பல் படம் போடணுமாம். கீழே என்ன எழுதணும்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க."

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்ததுமே தெரிந்தது: அழகன்குளம் பானை ஓடு. உடைந்த ஒரு சில்லு, அதன்மேல் கீறல் கோடுகளாக ஒரு கப்பல். பள்ளிக்கூடத்தார் அனுப்பியிருந்த வாசகம் "2000 ஆண்டுகளுக்கு முன் தமிழன் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல்". பட்டறைத் தம்பியின் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அவள் "அப்பா, அது ரோமன் கப்பல். எங்க நோட்ஸ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் எனக்குப் போன்.

சாதாரணமாக இந்த மாதிரி கேள்விக்கு நான் சாவகாசமாகப் பதில் சொல்லலாம். ஆனா இது பீங்கான். பேப்பரில் அச்சடித்தால் தப்பு வந்தால் கிழித்துப் போடலாம். மெருகு பூசி, எழுத்தை ஏற்றி, சூளையில் வைத்துச் சுட்டுவிட்டால் அவ்வளவுதான். நாமெல்லாம் போன பிறகும் அந்தத் தட்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கும். "ஒரு வாரம் கொடுங்க தம்பி" என்றேன்.

அழகன்குளம் ராமநாதபுரம் மாவட்டத்தில், வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1980-களின் நடுவில் தொடங்கித் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே பல தடவை தோண்டியிருக்கிறது. ரோமக் காசு, மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் என்று நிறையக் கிடைத்தன. அந்தக் குவியலுக்குள் ஒன்றுதான் இந்தக் கப்பல் ஓடு. இதைப் பார்த்து, மூன்று பாய்மரம் கொண்ட பெரிய வகை ரோமக் கப்பல் என்று கருத்துச் சொன்னவர் லயனல் காசன். லேசான ஆள் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். பண்டைய மத்தியதரைக் கடல் கப்பல்களைப் பற்றி அவர் எழுதியதைத் தாண்டி யாரும் பேச முடியாது. தமிழகத் துறைமுகங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கிரேக்கக் கையேடான பெரிப்ளூசை 1989-ல் புதிதாக மொழிபெயர்த்து உரை எழுதியவரும் அவர்தான்.

அப்போ பொண்ணு சொன்னது சரி, முடிந்தது கதை என்று போய்விடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பழைய படகைப் பார்த்து இது இந்த வகை, இன்னார் கட்டியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முழுப் படகு கையில் கிடைத்தால் வேலை சுலபம். பலகையைப் பலகையோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். மத்தியதரைக் கடல் தச்சன் ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் துளை வெட்டி, அதில் மரத்துண்டைச் சொருகி, மேலே ஆப்பு அடித்து இறுக்குவான், நம்ம கதவு நிலை வேலை மாதிரி. இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள். சென்னைக் கரையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலா படகு அப்படித்தான். ஆணி கிடையாது, உள்ளே விலா எலும்பு மாதிரி வரும் வங்குகளும் கிடையாது. அலை அடிக்கும்போது படகே கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். கேரளத்தில் சேர்த்தலைக்குப் பக்கம் கடக்கரப்பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்த இடைக்காலப் படகைப் பாருங்கள். 18 மீட்டருக்கு மேல் நீளம், ஆஞ்சிலி மரம், தட்டையான அடிப்பக்கம், ஏரா என்று நம்ம ஓடாவிகள் சொல்கிற அடிக்கட்டை இல்லை. மரம் கையில் இருந்ததால் இத்தனையும் சொல்ல முடிந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வீ. செல்வகுமாரும் அந்தப் படகைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர்.

நமக்கு மரம் இல்லை. உள்ளங்கை அளவு ஓட்டில் சில கோடுகள்தான். தையலா, ஆப்பா என்பதைக் கோடு சொல்லாது. அப்போது எஞ்சுவது வெளித்தோற்றம் மட்டும்: பாய்மரம் எத்தனை, முன்மரம் நேராக நிற்கிறதா முன்னால் சாய்கிறதா, அணியமும் பின்னணியமும் எவ்வளவு தூக்கியிருக்கின்றன, பின்னால் இருப்பது ஒரு சுக்கானா, இரண்டு பக்கமும் தொங்கும் திருப்புத் துடுப்புகளா. இதைத்தான் காசனும் பார்த்தார்.

இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் நிலைமை நாம் நினைத்த மாதிரி இல்லை.

பக்கவாட்டுத் திருப்புத் துடுப்பு ரோமக் கப்பலிலும் உண்டு, நம்ம கரைக் கப்பலிலும் உண்டு. நம்ம கரை என்று சும்மா சொல்லவில்லை. சென்னையிலிருந்து கடலூர் வரையுள்ள இந்தக் கடற்கரையில்தான் சாதவாகனர்களின் ஈயக் கப்பல் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் உஜ்ஜயினிச் சின்னம், இன்னொரு பக்கம் இரண்டு பாய்மரம் உள்ள கப்பல். கி.பி. 2-ம் நூற்றாண்டுக் காசு. அதில் முன்னும் பின்னும் வளைந்து தூக்கிய உடல், பின்னால் திருப்புத் துடுப்புகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், வால்டர் எலியட் 1880-களில் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எழுதியபோது இவற்றைக் குறும்பர், பல்லவர் கணக்கில் சேர்த்திருந்தார். 1908-ல் ராப்சன் தான் தயாரித்த பிரிட்டிஷ் மியூசியம் பட்டியலில் எழுத்தைப் படித்துப் புளுமாவி பெயரைச் சொன்ன பிறகுதான் அது சாதவாகனர் காசானது. காசிலே எழுத்து இருந்தும் ஆள் மாறிப்போயிருக்கிறது. எழுத்தே இல்லாத ஓட்டைப் பற்றி நாம் எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மூன்று பாய்மரம்? மத்தியதரைக் கடலில் அது உண்டு. சிராகூஸ் அரசன் ஹீரோன் கி.மு. 3-ம் நூற்றாண்டில் கட்டிய ராட்சசக் கப்பலுக்கு மூன்று மரம் என்று பழைய கிரேக்க நூல் சொல்கிறது. ஆனால் எல்லாக் கப்பலுக்கும் இல்லை, மிகப் பெரியவற்றுக்கு மட்டும். இந்தியப் பக்கம் அஜந்தா இரண்டாம் குகை ஓவியத்தில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று இருக்கிறது. உயரமான ஒடுக்கப் பாய்கள், மேல்தட்டில் வரிசையாகச் சாடிகள். ஆனால் அது அழகன்குளம் ஓட்டுக்குச் சில நூற்றாண்டு பிந்தையது. ஆக மூன்று மரம் என்பதை மட்டும் வைத்து ரோமா, இந்தியாவா என்று தீர்க்க முடியாது. காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் தராசு கொஞ்சம் ரோமப் பக்கம் சாய்கிறது. கொஞ்சம்தான்.

இதற்கிடையில் ஒரு நாள் தொழிற்பேட்டைக்கே போனேன். அந்தப் பட்டறையில் நாற்பது வருஷமாக வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கையில் சுடாத தட்டு ஒன்றும் சுட்ட தட்டு ஒன்றும் கொடுத்து, "ஐயா, இந்தப் படத்துல இருக்கிற மாதிரி இரண்டிலயும் கீறிக் காட்டுங்களேன்" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சை மண்ணில் குச்சியால் ஒரே இழுப்பில் வளைவு போட்டார். கோட்டின் இரண்டு ஓரத்திலும் மண் சின்ன வரப்பு மாதிரி எழும்பி நின்றது. சுட்டதில் கம்பி முனையால் கீறினார். நேர்கோடு வந்தது, வளைவு வரவில்லை. சின்னச் சின்ன வெட்டாக நாலைந்து நேர்கோட்டைச் சேர்த்துத்தான் வளைக்க வேண்டியிருந்தது. ஓரமெல்லாம் பொரிந்து போனது. "சுட்டதுல கை வழுக்கும் சார். நான் வட்டம் போட நெனச்சாலும் அது கட்டமாத்தான் வரும்" என்றார்.

இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தமிழகத்தில் கிடைக்கும் பானைக் கீறல்கள் பெரும்பாலும் சுட்ட பிறகு போட்டவை. அதாவது குயவர் போட்டதல்ல, பானையை வைத்திருந்தவர் போட்டது. சுட்ட ஓட்டில் கீறும்போது கை போகிற போக்கு வேறு, மனசில் இருந்த உருவம் வேறு. அப்படியென்றால் ஒரு கீறல் படத்தில் உடலின் வளைவு இப்படி இருக்கிறது, அதனால் இன்ன வகைக் கப்பல் என்று நுணுக்கமாகப் பேசும்போது நாம் தச்சனின் கையைப் பார்க்கிறோமா, கம்பி முனை வழுக்கியதைப் பார்க்கிறோமா? மரத்தின் எண்ணிக்கையை நம்பலாம். வளைவை நம்பி வீடு கட்ட முடியாது.

இன்னொன்று கடல். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவில் ராமர் பாலத் திட்டுகள் இருக்கின்றன, ஆழம் கிடையாது. பெரிய ரோமக் கப்பல்கள் பெரும்பாலும் மேற்குக் கரையோடு நின்றுகொண்டன. முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிக்கொண்டு திரும்பும். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு போவதை அகநானூறு 149-ம் பாட்டு சொல்வதும் முசிறியைத்தான். அந்தக் கப்பல்களின் அளவைக் காட்ட ஒரு சான்று வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ். ஹெர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலில் வந்த சரக்கின் கணக்கு அதில் இருக்கிறது. தந்தம், ஜடாமாஞ்சி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ் மதிப்பு. அவ்வளவு சரக்கு ஏற்றிய கப்பலைத் திட்டுக்கு மேலே ஓட்ட முடியாது, இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும். கிழக்குக் கரையில் என்ன ஓடியது என்பதைப் பெரிப்ளூஸ் சொல்கிறது: கரையோரமாகவே போகும் உள்ளூர்ப் படகுகள், பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா, கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போகும் மிகப் பெரிய கொலந்தியோஃபொந்தா. கடைசிப் பெயரைப் படிக்க முடியவில்லை என்றால் கவலை வேண்டாம், அதை எழுதிய கிரேக்கனும் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பான்.

அப்படியானால் அழகன்குளத்துக்காரர் ஒருவர் பெரிய ரோமக் கப்பலை எங்கே பார்த்திருப்பார்? தன் ஊரில் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. எகிப்தின் செங்கடல் கரையில், பழைய மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகமான குசைர் அல்-காதிமில், கணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இன்னும் தெற்கே பெரெனிக்கேயில் கொற்றன் பெயர் உள்ள ஓடு. அதே பெரெனிக்கேயில் கோயில் ஒன்றில் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. ஆக நம்ம ஆட்கள் அங்கே வரைக்கும் போயிருக்கிறார்கள். போனவர் திரும்பி வந்து, ஒரு சாயங்காலம் உடைந்த ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அங்கே நான் பார்த்த கப்பல் இம்மாம் பெரிசு, மூணு மரம்" என்று பிள்ளைகளுக்குக் கீறிக் காட்டியிருக்கலாம். இது என் ஊகம், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்படி நினைத்த பிறகு எனக்கு அந்தப் படத்தின் மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ரோமக் கப்பலாகவே இருந்தாலும் கீறிய கை நம்ம கையாக இருக்கலாம்.

யாருடைய கப்பல் என்ற கேள்வியே கோணலானது என்று எனக்குக் காட்டியது அதே மயோஸ் ஹோர்மோஸ்தான். 1999 முதல் 2003 வரை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது பழைய பாய்த்துணித் துண்டுகள் கிடைத்தன. பாயை மேலே சுருட்டி ஏற்றும் கயிறுகள் ஓடுவதற்கு வளையம் தைத்த அமைப்பு, அச்சு அசலாக மத்தியதரைக் கடல் முறை. ஆனால் துணி லினன் இல்லை, பருத்தி. நூலைத் திரித்திருக்கும் திசையே இந்தியத் திரிப்பு. பெரெனிக்கேயில் கட்டடங்களில் திரும்பப் பயன்படுத்திய தேக்கு உத்திரங்கள் கிடைத்திருக்கின்றன, அவை கப்பலிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். தேக்கு இங்கிருந்து போனதுதான். டிசைன் அவங்க, மரமும் துணியும் நம்ம. இந்தக் கப்பலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இது அந்தக் காலத்தோடு முடிந்த கதையும் இல்லை. 1990-களில் ஷான் மெக்ரெய்ல், லூசி ப்ளூ, எரிக் கென்ட்லி ஆகியோர் அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைப் படகுகளைப் பார்க்க வந்தார்கள். இந்த லூசி ப்ளூ பின்னால் மயோஸ் ஹோர்மோஸ் அகழாய்விலும் இருந்தவர். இந்தியப் படகென்றால் முதலில் பலகை, பிறகுதான் உள்ளே வங்கு என்பது பொதுவான பாடம். இங்கே ஓடாவிகள் முதலில் வங்குகளை நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பதைப் பார்த்தார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. ஒரு பலகையில் கீறிய அடையாளங்களை வைத்து ஒவ்வொரு வங்கின் அளவையும் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் நானூறு, ஐந்நூறு வருஷம் முன்னால் இருந்த முறைக்கு இது நெருக்கம், போர்ச்சுகீசியர் வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்காக வத்தையைப் போர்ச்சுகீசியப் படகு என்று சொல்வோமா? ஐரோப்பாவில் வழக்கொழிந்த கணக்கை அதிராம்பட்டினத்து ஓடாவி காப்பாற்றி வைத்திருக்கிறார்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாளையும் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தச்சர்கள் கட்டிய, மேற்கத்திய அமைப்பில் இரண்டு பாய்மரமும் சதுரப் பாயும் கொண்ட கப்பல், ஏறக்குறைய 90 அடி. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். கேப்டன் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938-ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெயரும் மாறிவிட்டது: புளோரன்ஸ் சி. ராபின்சன். அந்தப் பெயரோடு ஒரு பழைய போட்டோ மட்டும் கிடைத்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? யோசிக்காமல் அமெரிக்கக் கப்பல் என்றுதான்.

ஒரு வாரம் முடிந்தது. தம்பி போன் செய்தார். "சார், மண்ணு ரெடி. எழுத்து?"

"கட்டியது யாருன்னு எழுத வேண்டாம் தம்பி. கீறினதை எழுதுவோம்" என்றேன். நான் சொன்ன வாசகம்: "அழகன்குளம் பானை ஓட்டில் கீறிய கப்பல், ராமநாதபுரம் மாவட்டம்". ஆண்டு போடவில்லை, தமிழன், ரோமன் இரண்டும் போடவில்லை.

பள்ளிக்கூடத்தில் முதலில் முகம் சுளித்தார்களாம். 'தமிழன் கட்டிய' இல்லாமல் தட்டுக்கு என்ன கெத்து என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி தன் மகளையே அனுப்பி வைத்தார். ரோமன் என்று முதலில் சொன்னவள் அவள்தானே. செங்கடல் ஓட்டில் இருக்கும் சாத்தனையும் பருத்திப் பாயையும் அவள் எடுத்துச் சொன்னதும், அந்தக் கதையைத் தட்டோடு ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்கலாமே என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சீட்டை நான்தான் எழுதினேன், ஒரு பக்கம்.

உடையும் என்று சேர்த்து 320 தட்டு சுட்டார்கள். பதினொன்றில் விரிசல். அதில் ஒன்றைப் பெரியவர் எனக்கு எடுத்து வைத்திருந்தார். விரிசல் சரியாக நடுப் பாய்மரத்தின் மேல் ஓடுகிறது. இப்போது பேனா போட்டு வைக்கிற தட்டு அதுதான்.